ஐப்பசிப் பகற்கனவும் ஒரு வாழ்த்து அட்டையும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1989ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் வகுப்புக்கு விழாக் குழு பதினைந்து நிமிடம் தந்திருக்கிறது. பேசுவது ஒருவர்தான். ஆனால் எழுதிக் கொடுத்தவர்கள் பலர். மன்னாரில் இருப்பவர்கள், கொழும்பு, புத்தளம், சென்னை, பாரிஸ், ரொறன்ரோ என்று போனவர்கள் எல்லோரும் ஆளுக்கு நாலு வரி அனுப்பினார்கள். ஆகவே இதில் வருகிற 'நாங்கள்' மேடை மரியாதைக்குச் சொல்கிற 'நாங்கள்' அல்ல. எங்கேயாவது ஒரு வசனம் இன்னொரு வசனத்தோடு சண்டை பிடித்தால் காரணம் அதுதான் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'பெண் கல்வியின் இன்றைய சவால்கள்' என்றுதான் தலைப்புக் கொடுத்திருந்தோம். அதை மாற்றியது ஒரு இலை.

போன வருடம் இதே ஐப்பசியில், ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் தோழி ஒருத்தி தபாலில் ஒரு அட்டை அனுப்பினாள். உள்ளே ஒரு சிவந்த மேப்பிள் இலை. புத்தகத்துக்குள் வைத்து நன்றாகத் தட்டையாக்கி அனுப்பியிருந்தாள். வகுப்புக் குழுவில் காலை வணக்கமும் பூங்கொத்தும் நாள் தவறாமல் வந்து குவிகிற காலத்தில், முத்திரை ஒட்டி இது எதற்கு என்று கேட்டோம். "இங்கே இலை கொட்டத் தொடங்கினால் எனக்கு எங்கள் வகுப்பு யன்னல் ஞாபகம் வந்துவிடுகிறது" என்றாள்.

அந்த யன்னலை எங்கள் காலத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தங்கைமாருக்காகச் சொல்கிறோம். மூன்றாம் தவணை நடுப்பகுதி. வைகாசியிலிருந்து வீசிய சோளகம் ஓய்ந்துவிடும். வாடை இன்னும் பிறக்காது. இரண்டு காற்றுக்கும் நடுவே சில நாட்கள் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும். சோளகத்தில் தென்கடல் கொந்தளிப்பதால் வடகடலில் தொழில் செய்தவர்கள், இனித் தெற்குப் பக்கம் போவதற்கு ஆயத்தம் செய்வார்கள். எங்களில் பாதிப் பேரின் அப்பாமார் அந்த நாட்களில் கரையில் இருந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். வீட்டிலும் ஓய்வு, கடலிலும் ஓய்வு. வகுப்பில் மட்டும் புவியியல் பாடம். பாடத்தின் பெயர் 'இலையுதிர் காடுகள்'. யன்னலுக்கு வெளியே பனை. பனைக்கு ஓலைதான் காய்ந்து விழும், அதுவும் தனக்கு நினைத்தபோது, யாருடைய தலையிலாவது.

இலையுதிர்காலம் என்று ஒன்று மன்னாருக்குக் கிடையாது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்கிறார்கள். அது மழையும் குளிரும். எங்கள் ஊரில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கிற மரம் என்றால் பெருக்க மரம்தான். அது வெயில் காலத்தில் மொட்டையாக நின்று, உலகத்தின் வடக்குப் பாதியில் இலை கொட்டுகிற நேரத்தில், மழையைக் கண்டு தளிர்க்கும். பள்ளிமுனையில் ஏறக்குறைய 19 மீற்றர் சுற்றளவில் நிற்கிற மரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அராபிய வணிகர் கொண்டுவந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வந்த மரம் எங்கள் மழையைப் பழகிக்கொண்டது.

அந்த அசையாத நாட்களில்தான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுதத் தொடங்குவோம். நத்தாருக்கு யார் யாருக்கு அட்டை அனுப்புவது என்ற பட்டியல். இரண்டு மாதம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். சில்லறை சேர்க்க இரண்டு மாதம் வேண்டும். போன வருடம் அனுப்பியவர்கள், அனுப்பாதவர்கள், அனுப்பியும் நாங்கள் பதில் போடாதவர்கள் என்று மூன்று நிரல். அதைப் போட்ட கவனத்தோடு கணிதக் கொப்பியைப் போட்டிருந்தால் எங்கள் பெறுபேறு வேறாக இருந்திருக்கும்.

பட்டியல் முடிந்ததும் பகற்கனவு தொடங்கும். கடையில் விற்கிற அட்டையில் ஏன் எப்போதும் பனி? மன்னாரில் யாரும் கண்டதில்லை. அந்தச் சிவந்த நெஞ்சுச் சின்னக் குருவி எது? ஒக்டோபரிலிருந்து பூநாரை வந்து இறங்குகிற ஊர் எங்களுடையது. வங்காலைப் பக்கத்து நீர்ப்பரப்புகள் 2010இல் உலகளவில் முக்கியமான ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டிருக்கின்றன. அப்படியிருக்க, அட்டையில் பூநாரையைப் போடாமல் ஊர் பேர் தெரியாத குருவியைப் போடுவானேன்? ஒருத்தி எழும்பிக் கேட்டே விட்டாள். "பாடத்தைப் பார்" என்று பதில் வந்தது. இப்போது நாங்களும் தாய்மார், சிலர் ரீச்சர்மார். அந்தப் பதிலை நாங்களும் பல தடவை சொல்லியிருக்கிறோம்.

குருவிக்கான விடை எங்களுக்குக் கிடைத்தது லண்டனுக்குப் போனவள் மூலம். விக்ரோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்துத் தபாற்காரர்கள் சிவப்பு மேற்சட்டை போட்டார்கள். ஊரார் அவர்களை 'ரொபின்' என்ற குருவியின் பெயரால் அழைத்தார்கள். நத்தார் அட்டையைக் கொண்டுவருகிறவர் அவர் என்பதால், அட்டையிலும் அந்தக் குருவி ஏறிக்கொண்டது. அதாவது நாங்கள் இத்தனை காலமும் ஒருவருக்கொருவர் அனுப்பியது தபாற்காரரின் படத்தை.

அட்டை என்ற வழக்கம் பிறந்த கதை அதைவிடச் சுவையானது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி கொடுத்தால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்ற ஏற்பாடு வந்தது. எல்லோரும் எல்லோருக்கும் எழுதத் தொடங்கினார்கள். ஹென்றி கோல் என்பவருக்கு, அந்தத் தபால் ஏற்பாட்டுக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர், நத்தாருக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரம் இல்லை. 1843இல் ஹோர்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரைவித்து, வாழ்த்தையும் சேர்த்து அச்சடித்து, மேலே பெயரை மட்டும் எழுதி அனுப்பிவிட்டார். மிச்சம் ஒன்று ஒரு ஷிலிங் விலைக்குக் கடைக்குப் போனது. படத்தில் ஒரு குடும்பம் வைன் குடிக்கிறது, சின்னப் பிள்ளை உட்பட. மதுவிலக்குக்காரர் கோபித்தார்கள். ஆக, கடிதம் எழுதப் பஞ்சிப்பட்ட மனிதர் ஒருவரின் கண்டுபிடிப்பைத்தான் நாங்கள் அன்பின் உச்சம் என்று கொப்பியில் பட்டியல் போட்டோம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். அந்த நாட்டில் ஒரு காலத்தில் உறையை ஒட்டாமல், அச்சடித்த வாழ்த்தோடு ஐந்து சொல்லுக்கு மேல் எழுதாமல் அனுப்பினால் குறைந்த கட்டணமாக இருந்தது. ஐந்து சொல்! எங்களில் ஒருத்தி இதைக் கேட்டதும், "எனக்கு வாழ்க்கைப்பட்டவர் ஒரு நாளைக்குப் பேசுவதே அவ்வளவுதான்" என்றாள். பெயர் சொல்லமாட்டோம். அவர் இங்கே வந்திருக்கிறார்.

எங்கள் தாய்மாரின் ரங்குப் பெட்டிகளில் வேறு வகை அட்டைகள் இருந்தன. கரும்பு, பானை, மாடு, சினிமா நட்சத்திரங்கள் படம் போட்ட பொங்கல் வாழ்த்துகள். அக்கரையிலிருந்து வந்தவை. 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. சென்னையில் ரயில் ஏறிய கடிதம் கப்பலில் கடலைத் தாண்டித் தலைமன்னார் இறங்குதுறையில் மறுபடி ரயில் ஏறும். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. எண்பதுகளில் கலவரத்தோடு அதுவும் நின்றது. வேதக்காரரான எங்கள் அம்மாமார் சிலருக்கும் பொங்கல் வாழ்த்து வந்திருக்கிறது. யாரும் அதை ஒரு விடயமாக எடுக்கவில்லை, பெட்டியில் பத்திரமாக வைத்தார்கள்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அட்டை வருவதற்கு முன்பே எங்கள் ஊரில் வாழ்த்து அனுப்புகிற முறை ஒன்று இருந்தது. அதற்கு முத்திரை தேவையில்லை. தட்டு.

நத்தாருக்குக் கேக்கும் கொக்கிசும் பயத்தம் பணியாரமும் வைத்து, மேலே பின்னல் துணி போட்டு மூர்வீதிக்கும் உப்புக்குளத்துக்கும் தட்டுப் போகும். கொண்டுபோவது நாங்கள். பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பமும் தொதலும் வரும். கொண்டுவருவது எங்கள் வகுப்புத் தோழிகள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது வைக்க வேண்டும். எதற்கு என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பார்கள். சீனி அவர்கள் வீட்டிலும் இருக்கிறதே என்று சின்ன வயதில் வாதாடிக் குட்டு வாங்கியவர்கள் எங்களில் மூன்று பேர். சில வீடுகளில் அந்தப் பிடி சீனியையும் வைக்காமல் தட்டை வைத்திருந்து, தங்கள் நாள் பெருநாள் வரும்போது நிரப்பி அனுப்புவார்கள். அது கடன்தான், ஆனால் யாரும் கடன் என்று சொல்லமாட்டார்கள்.

1990 ஏப்ரல் கடைசியில் நோன்புப் பெருநாள் வந்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, மூர்வீதிக்காரி, வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றில் வட்டிலப்பம் கொண்டுவந்தாள். ஓரத்தில் நீலக் கோடு. அந்தத் தட்டு எங்களில் ஒருத்தியின் வீட்டில், மேல் தட்டில், நத்தாருக்காகக் காத்திருந்தது.

ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. ஆவணி முடிவதற்குள் எங்கள் வகுப்பு உடைந்துவிட்டது. பாதிப் பேர் மடுவில், கோயில் வளவில், மரங்களுக்குக் கீழே. இன்னொரு பகுதி இரவில் படகேறி இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். ஐப்பசி பிறக்கும்போது ஊரில் மிஞ்சியவர்கள் ஏழெட்டுப் பேர்தான்.

அந்த ஒக்டோபரின் கடைசி நாட்களில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். ஏறக்குறைய 75,000 பேர். மன்னார்த் தீவில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சில நாள் அவகாசம். நகையையும் சேமிப்பையும் வீட்டையும் விட்டுவிட்டுப் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். வருடத்தில் கடல் அமைதியாக இருக்கிற நாட்கள் அவை என்று மேலே சொன்னோம். யன்னலால் பார்த்து நாங்கள் கனவு கண்ட அதே கடல்.

இதை இந்த மேடையில் பேச வேண்டுமா என்று எங்களுக்குள் நிறைய விவாதம் நடந்தது. விழா நாளில் வேண்டாம் என்றவர்களும் உண்டு. வேண்டும் என்றவர்கள் கூடப் போனதால் பேசுகிறோம். அந்த நாட்களில் ஊரில் இருந்த எங்களில் சிலர் படலைக்குள் நின்று பார்த்தோம். ஒருத்தி மட்டும் தெருவில் இறங்கிப் போய் ஒரு தோழியின் கையைப் பிடித்தாள். அவளுடைய அம்மா உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் வந்துவிட்டாள். பயந்தோம் என்பது உண்மை. யாருக்கும் தட்டு ஞாபகம் வரவில்லை என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் கடிதம் என்றாலே வேறு பொருள் ஆகிவிட்டது. செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்து தருகிற படிவம் ஒன்று இருந்தது. குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். உறை இல்லை, யாரும் வாசிக்கலாம். "நாங்கள் சுகம். தம்பியும் சுகம். நீங்கள் சுகமா?" எங்களில் ஒருத்தி, வன்னியிலிருந்த தகப்பனிடமிருந்து வந்த அப்படி ஒரு படிவத்தை இன்றும் வைத்திருக்கிறாள். சொற்கள் எல்லாம் எல்லோரும் எழுதுகிற சொற்கள்தான். அச்சடித்து வைத்திருந்தால்கூட வித்தியாசம் தெரியாது. ஆனால் அதில் அவர் கையெழுத்தில் அவளுடைய பெயரும் முகாமின் பெயரும் இருந்தன. தான் எங்கே இருக்கிறோம் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை வைத்து ஒரு வருடம் தாங்கினாள். வாழ்த்து அட்டையில் அச்சடித்த வரியை நாங்கள் ஏன் வாசிப்பதே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நாங்கள் எப்போதும் பார்த்தது உறையின் முன்பக்கத்தைத்தான். என் பெயரை யார் எழுதினார், நான் இருக்கிற இடம் அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்று.

இனி எங்களுடைய வழக்கைச் சொல்கிறோம். மண்டபத்துக்கு எழுதினோம், பாரிசுக்கு எழுதினோம். புத்தளத்துக்கு எழுதவில்லை. கேட்டால் முகவரி இல்லை என்றோம். மூர்வீதிச் சனம் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் இருக்கிறது என்று ஊரில் தெரியாதவர் இல்லை. தேடியிருந்தால் முகவரி கிடைத்திருக்கும். தேடவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று நிரல் போட்டோம் என்றோமே, அதில் மூன்றாவது நிரல், அவர்கள் அனுப்பியும் நாங்கள் பதில் போடாதது, இருபது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது.

சண்டை முடிந்தது. 2015இல் தலைமன்னாருக்கு ரயிலும் திரும்பி வந்தது. சில குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின. சிலர் போய் வருகிறார்கள். சிலருக்குப் பிள்ளைகளின் பாடசாலையும் தொழிலும் புத்தளத்தில் வேர்விட்டுவிட்டன. இந்த நூற்றாண்டு மலருக்காக எங்கள் வகுப்பின் முகவரிப் பட்டியலைத் தயாரிக்க இருந்தபோதுதான், அந்த வெற்றிடங்கள் எவ்வளவு என்று தாளில் கண்டோம். முகவரி இல்லாத பெயர்களில் பெரும்பாலானவை ஒரே தெருப் பெயர்கள்.

அந்த நேரத்தில்தான் ரொறன்ரோ இலை வந்து சேர்ந்தது. சரி, நாங்களும் அட்டை போடுவோம் என்று முடிவெடுத்தோம். ஒருவருடைய மச்சான், இன்னொருவருடைய கடை, ஒரு பள்ளிவாசல் என்று விசாரித்து விசாரித்து முகவரிகளைச் சேர்த்தோம். மூன்று மாதம் எடுத்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அட்டை வாங்குவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடையில் கேட்டால், "இப்ப ஆரக்கா இதெல்லாம் வாங்கினம்" என்கிறார்கள். கடைசியில் எங்கள் பாடசாலைச் சின்னப் பிள்ளைகள்தான் உதவினார்கள். ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்துக்கு அட்டை செய்கிற பிள்ளைகள் எங்களுக்கும் செய்து தந்தார்கள். பனி இல்லை, ரொபின் இல்லை. பெருக்க மரமும் கழுதையும் வரைந்திருந்தார்கள். ஒரு பிள்ளை பூநாரை வரைந்திருந்தது. அதற்கு மூன்று கால் இருந்தது. அதையும் அனுப்பினோம்.

உள்ளே என்ன எழுதுவது என்பதில் திரும்பவும் விவாதம். மன்னிப்பு என்று எழுதுவோம் என்றார்கள் சிலர். ஒரு அட்டைக்குள் அவ்வளவு பெரிய சொல்லைப் போட்டு, அவர்களை அதற்குப் பதில் எழுத வைப்பது நியாயமா என்று கேட்டார்கள் வேறு சிலர். அந்தக் கேள்விக்கு எங்களிடம் இன்றுவரை ஒரே பதில் இல்லை. கடைசியில் "நூற்றாண்டு விழாவுக்கு வாருங்கள்" என்று மட்டும் எழுதி, எங்கள் பெயர்களையும் முகவரிகளையும் போட்டோம்.

நான்கு பேருக்குப் போன அட்டைகள் திரும்பி வந்துவிட்டன. இரண்டு பேரிடமிருந்து பதிலே இல்லை. அதுவும் அவர்களுடைய பதில்தான் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு வீட்டிலிருந்து மகள் எழுதினாள், உம்மா மௌத்தாகி ஏழு வருடம் ஆகிறது, அட்டையை உம்மாவின் அல்மாரியில் வைத்திருக்கிறோம் என்று. அந்தத் தோழியின் பெயரை இந்த மலரின் நினைவுப் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். மூன்று பேர் வருவதாக எழுதினார்கள்.

வட்டிலப்பம் கொண்டுவந்த மூர்வீதிக்காரியும் பதில் போட்டாள். கடையில் வாங்கிய பெருநாள் வாழ்த்து அட்டை. எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறாள். அச்சடித்த வரியைப் பேனையால் கோடு போட்டு வெட்டிவிட்டு, கீழே எழுதியிருந்தாள்:

"தட்டு எங்கே?"

இரண்டே சொல். மலிவுக் கட்டணத்துக்கு இன்னும் மூன்று சொல் மிச்சம்.

அதை வாசித்து நாங்கள் அழுதோமா சிரித்தோமா என்று கேட்டால், ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். தட்டு இல்லை. அது இருந்த வீடே பிறகு இல்லாமல் போய்விட்டது. அந்தத் தட்டை வைத்திருந்தவள் மண்டபத்திலும் திருச்சியிலும் இருந்து, இப்போது ஊருக்கு வந்திருக்கிறாள். மன்னார்க் கடைத்தெரு முழுக்க ஏறி இறங்கி, நீலக் கோடு போட்ட வெள்ளைத் தட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். கோடு கொஞ்சம் தடிப்பு. பழையது மெல்லிசு என்று அவள் சொல்கிறாள்.

அவர்கள் மூன்று பேரும் இன்று காலை புத்தளத்திலிருந்து வந்து, இதோ நாலாவது வரிசையில் இருக்கிறார்கள். பின்னேரம் தேநீருக்குப் பிறகு தட்டைக் கொடுக்க இருக்கிறோம். ஆனால் தட்டில் என்ன வைப்பது என்பதில் மட்டும் நேற்று இரவு வரை இணக்கம் வரவில்லை. நத்தாருக்கு என்று வைத்திருந்த தட்டு, கேக்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள் ஒரு பகுதியார். ஐப்பசியில் பனங்காய்ப் பணியாரம் இருக்கக் கடைக் கேக்கா என்கிறார்கள் மற்றவர்கள். அதனால் யாரோ ஒருத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு பிடி சீனியும் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள்.